மூன்று அங்குலக் குதி

மாத்தளையில் ஒரு அலுவலகத்தில் கிளார்க் வேலை கிடைத்ததும் நான் முதலில் வாங்கியது மூன்று அங்குலக் குதி வைத்த, மூடிய சப்பாத்து. தேயிலைத் தோட்டத்தில் வெறுங்காலோடு நடந்து வெடித்துப்போன என் பாதங்களை யாரும் பார்த்துவிடக் கூடாது. பக்கத்து மேசை யாழ்ப்பாணத்து அக்காவைப் போலவே நானும் தெரிய வேண்டும். அவர் தினமும் கேட்பார்: "கால் நோகேல்லையோ தங்கச்சி?"

"பழகிருச்சுங்க அக்கா" என்று பொய் சொல்வேன்.

யுத்த காலம் அது. ஒருநாள் காலை நானும் அக்காவும் வந்த பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் நிறுத்தி, தமிழர்களை மட்டும் இறக்கினார்கள். குதிக்குள் எதையாவது ஒளித்திருக்கிறேனா என்று பார்க்க, ஒரு பெண் பொலிஸ் என் சப்பாத்தைக் கழற்றச் சொன்னாள். பாதத்தைப் பார்த்ததும் அவள் முகம் இளகியது. தோட்டமா என்று சிங்களத்தில் கேட்டாள். தோட்டந்தான் என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன். போகச் சொல்லிவிட்டாள்.

அக்காவின் அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருந்தது. அவரை ஜீப்பருகே நிறுத்தினார்கள்.

"தங்கச்சி, நான் உம்மோட வேலை செய்யிற ஆள் எண்டு சொல்லும்."

எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும். ஆனாலும் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸில் ஏறினேன்.

மூன்று நாள் கழித்து அவர் வேலைக்கு வந்தார். என்ன நடந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. நான் அதே சப்பாத்தோடுதான் உட்கார்ந்திருந்தேன். கால் நோகிறதா என்று அதன் பிறகு அவர் ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "நோகுதுக்கா" என்று சொல்லியிருப்பேன்.