கண்ணாடிப் பெட்டிக்குள் போகாத விசில்

என் விசிலுக்குக் கண்ணாடிப் பெட்டி செய்து வைத்திருப்பதாகத் தலைமையாசிரியர் சொன்னபோது எனக்குச் சுர்ரென்று ஏறியது. உள்ளே சிவப்பு வெல்வெட் துணி, கீழே பித்தளைத் தகட்டில் என் பெயர். பணி ஓய்வுப் பாராட்டு விழாவில் நான் விசிலைக் கழற்றிக் கொடுக்க வேண்டுமாம், அவர் பெட்டியில் வைத்துப் பூட்டுவாராம். அப்புறம் அது அலுவலகச் சுவரில் தொங்குமாம்.

"நான் இன்னும் சாகல லா, சார்," என்றேன்.

லாபிஸ் ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தமிழ்ப்பள்ளி எங்களுடையது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அங்கே ஓட்டப் பயிற்சி கொடுத்தவள் நான். அந்தத் தலைமையாசிரியரும் என்னிடம் ஓடிய பையன்தான். நல்ல கால்கள், ஆனால் சோம்பேறி. கூப்பிட்டால் கடைசியாகத்தான் வருவான். நாலு பேர் முன்னால் "சார்" என்பேன். மனசுக்குள் இன்னும் "டேய்"தான்.

பெட்டி கிடக்கட்டும், தொலையட்டும். அடுத்து அவர் சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"ரிட்டையர் ஆனதுக்கு அப்புறம் நீங்க திடல்ல பயிற்சி கொடுக்க முடியாது டீச்சர். வெளியாள் ஆயிடுவீங்க. எந்தப் பிள்ளையாச்சும் விழுந்து அடிபட்டா நான்தான் பதில் சொல்லணும்."

வெளியாளா? நானா? அந்தத் திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் போட்டு என் விரலிடுக்கு வெந்த கதை இவனுக்குத் தெரியாதா? மாவட்டப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. என் அஞ்சல் ஓட்டப் பெண்கள் நால்வரும் பின்னால் ஓடி வருகிறவளிடமிருந்து திரும்பிப் பார்க்காமல் கோலை வாங்க அப்போதுதான் பழகியிருந்தார்கள். என் இடத்துக்கு வந்தவர் நல்ல மனிதர், பாவம். பூப்பந்து தெரியும், ஓட்டம் தெரியாது. பிள்ளைகளை நட்டாற்றில் விட்டுவிட்டுப் பொன்னாடை போர்த்திக்கொள்வதா? முடியவே முடியாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

திடலில் எனக்கு ஒரு சட்டம் உண்டு. நீளமாக விசில் ஊதினால், கையில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டு ஓடி வந்து தொடக்கக் கோட்டில் நிற்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டாக இருந்தாலும் சரி. கடைசியாக வருகிறவருக்குத் திடலை ஒரு சுற்று ஓடும் தண்டனை. அழுதாலும் விடமாட்டேன். அதற்காக என்னைத் திட்டாத பெற்றோர் குறைவு.

விழா அன்று பள்ளி மண்டபம் நிறைந்துவிட்டது. பழைய பிள்ளைகள் செனாய் ஊர்த் தொழிற்சாலைகளில் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள், சிங்கப்பூரிலிருந்தும் வந்திருந்தார்கள். மாலை, பொன்னாடை, மறுபடியும் பொன்னாடை. மைக்கைப் பிடித்தவர்கள் எல்லாரும் செத்துப்போனவளைப் பற்றிப் பேசுவது போலவே பேசினார்கள்.

கடைசியில் பெட்டி மேடைக்கு வந்தது. படம் பிடிக்கிறவர் தயாராக நின்றார்.

"டீச்சர், விசில்," என்று தலைமையாசிரியர் கையை நீட்டினார்.

கழுத்திலிருந்து கழற்றினேன். அவர் கையில் வைக்கவில்லை. வாயில் வைத்து, இருக்கிற மூச்செல்லாம் சேர்த்து நீளமாக ஊதினேன்.

மாணவர்கள் எழுந்து ஓடினார்கள். அது நான் எதிர்பார்த்ததுதான். ஆனால் பின்வரிசைகளில் நாற்காலிகள் சரிந்தன. பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒருத்தி ஓடினாள். "அலமாக், டீச்சர்!" என்று கத்திக்கொண்டே, பிரியாணித் தட்டைப் பக்கத்து ஆள் மடியில் வைத்துவிட்டுத் தொப்பை குலுங்க ஒருவன் ஓடினான். மேடையில் திரும்பிப் பார்த்தால் தலைமையாசிரியரைக் காணோம். பாத்திக் சட்டையும் பளபளக்கும் சப்பாத்துமாக அவரும் படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தார்!

நான் மாலையோடு மெதுவாக நடந்து திடலுக்குப் போனேன். எல்லாரும் கோட்டில் வரிசையாக நின்றார்கள். இந்தத் தடவையும் கடைசி தலைமையாசிரியர்தான். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"ஒரு சுற்று, சார்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஓட ஆரம்பித்தார். முழங்காலை இன்னும் சரியாகத்தான் தூக்குகிறான். எத்தனை பொன்னாடை போட்டாலும் அந்தச் சந்தோஷம் வராது.

சுற்றை முடித்துவிட்டு, முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கினார்.

"திடல் கேட்டைத் திறந்து வைக்கச் சொல்றேன் டீச்சர். யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன். நாளைக்குப் பயிற்சி எத்தனை மணிக்கு?"

"எப்பவும் போலத்தான்," என்றேன். "லேட்டா வந்தா உனக்கு இன்னொரு சுற்று இருக்குடா."