சகாயராணி டீச்சரின் சிவப்புக் கையெழுத்து

காரைக்குடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பத்தொன்பது வருடமாக உயிரியல் எடுக்கும் சகாயராணிக்குக் கட்டுரைப் போட்டி என்றாலே எரிச்சல். இந்த வருடத் தலைப்பு: "கண்ணிலும் கல்லீரலிலும் அதே மரபணுக்கள், வேலை மட்டும் ஏன் வேறு?" எந்த மரபணு எங்கே வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று உடம்பு கட்டுப்படுத்துகிறது என எழுதினால் போதும். வந்த முப்பத்திரண்டு கட்டுரைகளிலும் ஒரே வாக்கியம்: "கண்ணில் கண்ணுக்கான மரபணுக்கள் மட்டுமே உள்ளன." ஒருத்தி அடிக்கோடு வேறு போட்டிருந்தாள்.

மறுநாள் பிளஸ் டூ வகுப்பில் கட்டுரைக் கட்டை மேசைமேல் போட்டார்.

"தலைப்பையாவது வாசிச்சீகளா? இந்தக் கண்றாவிய எங்குட்டு இருந்து பிடிச்சீக?"

முதல் பெஞ்சு ஈஸ்வரி உயிரியல் நோட்டை நீட்டினாள். போன வருடம் படித்த அக்காவின் நோட்டைப் பார்த்து அவள் எழுதியது. அவளைப் பார்த்து வகுப்பே எழுதியது. அந்த வாக்கியத்துக்குக் கீழே, தேதியோடு, சகாயராணியின் சிவப்பு மைக் கையெழுத்து.

"என்ன இருக்குன்னு வாசிக்காம அப்படியே எழுதிருவியா?"

"நீங்க வாசிச்சுட்டுத்தானே டீச்சர் கையெழுத்துப் போட்டீக."

ஈஸ்வரி நக்கலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பியிருந்தாள்.