முப்பத்தெட்டு நொடி காத்திருந்த கார்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் பொருத்துவது அவள் வேலை. பிரேமின் வடிவத்துக்கு லென்ஸை இயந்திரத்தில் தேய்த்து, விளிம்பைக் கையால் இழைத்து, சட்டத்துக்குள் அழுத்தி உட்கார வைக்க வேண்டும். மயிரிழை கூடினால் லென்ஸ் விரிசல் விடும். குறைந்தால், போட்டவர் தும்மும்போது கழன்று விழும். கடையில் எல்லோருக்கும் அவள் லென்ஸ் அக்கா. வயது நாற்பத்தொன்பது. பதினேழு வருடமாக வீட்டிலிருந்து கடைக்குச் சைக்கிளில்தான் வந்துபோனாள்.

அவள் கணவர் சரக்கு லாரி ஓட்டுகிறவர். சைக்கிள்காரர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. “வண்டிக்கு முன்னாடி வந்து ஆடுதுங்க. உன்னைச் சொல்லலம்மா, பொதுவா சொல்றேன்” என்பார். அவளும் அதைப் பொதுவாகவே கேட்டுக்கொள்வாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சிக்னலில் நின்றிருந்தபோது ஒரு சாம்பல் நிறக் கார் பக்கத்தில் வந்து உரசினாற்போல் நின்றது. அதன் பக்கக் கண்ணாடி அவள் கைப்பிடியில் இடித்தது. அவள் ஜன்னலை இரண்டு விரலால் தட்டினாள்.

“கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க சார், இடிக்குது.”

ஓட்டியவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி கலையாத சட்டை. ஜன்னலை இறக்கி, “யாரு கார்ல கை வைக்கிற?” என்றான். அதற்குள் பச்சை விழுந்தது. கார் சீறிக்கொண்டு போய்விட்டது. அவளும் அதை அதோடு விட்டுவிட்டாள்.

இரண்டு தெரு தாண்டி, சலவைக் கடை இருக்கும் சாலையில் அதே கார் ஓரமாக நின்றிருந்தது. அவள் அதைக் கடந்துபோனாள். பின்னால் இன்ஜின் உறுமும் சத்தம் கேட்டது. கார் அவளை முந்தி, சடாரென்று அவள் பாதைக்குள் திரும்பி, பிரேக் அடித்து நின்றது. அவள் அதன் பின்பக்கத்தில் மோதித் தரையில் விழுந்தாள். அவன் இறங்கிப் பார்க்காமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். காரின் எண்ணைச் சலவைக் கடைக்காரர் குறித்துக்கொண்டார். அவளுக்குத் தோள்பட்டை எலும்பும் வலது மணிக்கட்டும் முறிந்திருந்தன.

மறுநாள் மருத்துவமனைக்கு வந்த போலீஸ்காரர் அவள் சொன்னதையெல்லாம் எழுதி, படித்துக் காட்டினார். கடைசி வரி, “கவனக்குறைவாக வாகனம் ஓட்டியதால் நேர்ந்த விபத்து” என்றிருந்தது.

“கவனக்குறைவு இல்லைங்க. கவனமாத்தான் பண்ணினான்” என்றாள் அவள்.

“அம்மா, அவன் மனசுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு யாரு பாத்தா? இப்படி எழுதினா கேஸ் நிக்கும். கையெழுத்துப் போடுங்க.”

“கை ஒடிஞ்சிருக்கு. இடது கையால போடலாம், ஆனா இதுல போடமாட்டேன்.”

போலீஸ்காரர் பொல்லாதவர் இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, அப்படியானால் வேறு ஏதாவது ஆதாரம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கணவர் முதலில் சமாதானம்தான் பேசினார். “ரோட்டுல ஆயிரம் நடக்கும். அவன் பாக்காம திரும்பியிருப்பான். கோர்ட்டு கோர்ட்டுன்னு அலையணுமா?”

மருத்துவமனையிலிருந்து வந்த மூன்றாம் நாள், அவள் கையைக் கழுத்தோடு துணியால் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு சலவைக் கடைக்குப் போனாள். வாசல் மேல் கேமரா இருந்தது. பதிவைப் பத்து நாள்தான் வைத்திருக்கும், பிறகு தானாக அழிந்துவிடும் என்றார் கடைக்காரர். அன்று எட்டாவது நாள்.

அந்தப் பதிவை வீட்டில் மேசை மேல் வைத்து இருவரும் பார்த்தார்கள். கார் வந்து ஓரம் கட்டுகிறது. யாரும் இறங்கவில்லை, ஏறவில்லை. முப்பத்தெட்டு நொடி அப்படியே நிற்கிறது. அவள் கடந்து போனதும் புறப்படுகிறது. கணவர் நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்தார். பிறகு விரலைத் திரைமேல் வைத்தார்.

“முன்சக்கரத்தைப் பாரு. நீ வர்றதுக்கு முன்னாடியே திருப்பி வச்சிருக்கான். சிக்னல் போடல. முந்தினதும் பிரேக் லைட் எரியுது, முன்னாடி ஒரு வண்டியும் இல்ல. தெரியாம நடந்ததில்ல இது.”

விரலைத் திரையிலிருந்து எடுத்தார். பிறகு, “நானும் கிட்ட போய் ஹாரன் அடிச்சு மிரட்டியிருக்கேன். ரெண்டு மூணு பேரை. யாரும் விழல” என்றார்.

“விழலன்னு எப்படித் தெரியும்? நின்னு பாத்தீங்களா?”

அவர் எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். அதன்பின் சமாதானப் பேச்சை எடுக்கவே இல்லை.

அரசு வழக்கறிஞர் ஒரு பெண். பதிவைப் பார்த்தபின் ஒளிவுமறைவில்லாமல் பேசினார்.

“ரெண்டு வழி இருக்கு. கவனக்குறைவுன்னு போட்டா நிச்சயம் ஜெயிக்கலாம். அபராதம், கொஞ்ச நாள் லைசென்ஸ் ரத்து, அவ்வளவுதான். வேணும்னே உயிருக்கு ஆபத்து உண்டாக்கினான்னு போட்டா தண்டனை பெருசு. ஆனா அவன் நோக்கத்தை நாமதான் நிரூபிக்கணும். முடியலன்னா அவன் கையை வீசிட்டுப் போயிடுவான். என்ன பண்ணலாம்?”

“நடந்தது எதுவோ அதைப் போடுங்க மேடம்.”

வழக்கு விசாரணைக்கு வர ஒன்பது மாதம் ஆனது. அவன் ஒரு மருந்து நிறுவனத்தில் விற்பனை அதிகாரி, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், முன்பு எந்தக் குற்றமும் இல்லாதவன் என்பதெல்லாம் அங்கேதான் அவளுக்குத் தெரிந்தது. அவன் தரப்பு வக்கீல் அவளைக் கேட்ட முதல் கேள்வி, அன்று என்ன நிறத்தில் உடை போட்டிருந்தாள் என்பது.

“பச்சை.”

“அடர் பச்சையா? ஓட்டுறவர் கண்ணுக்கு உடனே பட்டிருக்காதே?”

“சிக்னல்ல என்கிட்ட பேசினாருங்க. அப்ப கண்ணுக்குப் பட்டேனே.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் சிரிப்பு அடங்கியது.

போன் வந்ததால்தான் ஓரம் கட்டினேன் என்றான் அவன். அரசு வழக்கறிஞர் போன் நிறுவனத்தின் பதிவை எடுத்து வைத்தார். அந்தக் காலை முழுவதும் அவனுக்கு அழைப்பு எதுவும் வரவில்லை, அவனும் யாரையும் அழைக்கவில்லை. யாரையாவது அழைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன் என்று மாற்றிச் சொன்னான். நீதிபதி அதை எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு பாதிப் பாதியாக வந்தது. எலும்பை முறிக்கவேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு இருந்ததாக நிரூபணமாகவில்லை. ஆனால் காத்திருந்து, வேண்டுமென்றே அவளை ஆபத்தில் தள்ளினான் என்பதில் ஐயமில்லை. ஏழு மாதச் சிறை. மூன்று வருடம் ஓட்டக்கூடாது. அவன் மேல்முறையீடு செய்தான். மேல்நீதிமன்றம் சிறையை நிறுத்தி வைத்து, ஓட்டும் தடையை மட்டும் அப்படியே விட்டது. ‘வேண்டுமென்றே’ என்பதை எடுக்கவேண்டும் என்ற அவன் வாதம் எடுபடவில்லை.

செய்தியை வழக்கறிஞர் போனில் சொன்னபோது அவள் கடையின் முன்பக்கம் இருந்தாள். மணிக்கட்டு பழையபடி முழுதாகத் திரும்பவில்லை. விளிம்பு இழைக்கும் வேலையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டு, இவளை வாடிக்கையாளர்களுக்கு பிரேம் எடுத்துக் காட்ட நிறுத்தியிருந்தார் முதலாளி. அந்த வேலை அவளுக்குப் பிடிக்கவில்லை. எல்லோரும் கண்ணாடி முன் நின்று, “எனக்கு நல்லாயிருக்கா?” என்று கேட்கிறார்கள். பொய் சொல்ல வேண்டியிருக்கிறது.

சைக்கிளை அவள் விடவில்லை. முதல் மாதம் சுற்றுவழியில் போனாள், பிறகு பழைய வழிக்கே வந்தாள். பின்னால் இன்ஜின் சத்தம் கூடினால் இன்னமும் அவள் தோள் தானாக இறுகும்.

ஒரு வருடம் கழித்து, ஒரு காலை, அவனைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தாள். தோளில் பை, கையில் மடித்த குடை. நின்றிருந்த ஏழெட்டுப் பேரில் ஒருவனாக, பேருந்து வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பத்தடி தூரத்தில் கடந்துபோனாள். அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டில் சொன்னாள். கணவர் நிமிர்ந்தார்.

“பாத்ததும் என்ன தோணுச்சு?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “பெருசா ஒண்ணும் தோணலைங்க. பஸ் லேட்டு போல.”