கையில் போட்ட நீல வட்டம்

நேற்று லேக் கார்டன்ஸ் வங்கியில் படிவம் நிரப்பும்போது பேனா மக்கர் செய்தது. காகிதம் கிடைக்காமல் முன்கையிலேயே கிறுக்கிப் பார்த்தேன். நீல வட்டம் ஒன்று விழுந்தது. அவ்வளவுதான், வந்த வேலை மறந்துபோனது. அறுபது தாண்டியவள் தன் கையைத் தானே முறைத்துக்கொண்டு நின்றால் காவலாளிக்குக் கவலை வராதா? "மாஷிமா, ஷொரீர் காராப்?" என்று வங்காளியில் உடம்பை விசாரித்தார்.

நான் நர்ஸாகச் சேர்ந்த புதிதில் எங்கள் வார்டில் அந்த வட்டத்துக்குப் பெரிய மரியாதை. பாம்புக்கடி மருந்து குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பது. சிலர் உடம்பு அதை ஏற்காமல் சண்டைக்கு வரும். அதனால் முதலில் ஒரு சொட்டைத் தோலில் ஏற்றி, சுற்றிலும் பேனாவால் வட்டம் போட்டுக் காத்திருப்போம். உள்ளே தடிக்காவிட்டால் பயமில்லை என்று நம்பிக்கை. என் வட்டங்கள் அழகாக இருக்கும் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் வேறு.

ஒரு காலையில் சீனு அண்ணா வந்தார். காளிகாட்டில் தோசைக்கடை, சாந்த்ராகாச்சியில் வீடு. வீட்டில் தேங்காய்க் குவியலுக்குள் கைவிட்டவரை நாகம் தீண்டியிருந்தது. இமை சரிந்துகொண்டே வந்தது. நான் தமிழில் பேசியதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், பொழச்சுப்பேனா?"

"வட்டம் சுத்தமா இருக்குண்ணா. ஒண்ணும் ஆகாது, நான் சொல்றேன்."

மருந்து ஏறிய பத்தாவது நிமிடம் உடம்பெல்லாம் தடித்து, தொண்டை அடைத்து, மூச்சு இழுத்தது. வட்டத்துக்குள் மட்டும் ஒன்றுமில்லை. நான் மரமாக நின்றேன். கூட வேலை பார்த்த கல்யாணி தீதிதான் "பந்தோ கோரோ!" என்று கத்திக்கொண்டே வந்து மருந்தை நிறுத்தினாள். வட்டத்தை நம்பாத ஒரே ஆள் அவள். இந்த ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலினை முன்பே ஊசியில் ஏற்றி வைத்திருந்தாள். டாக்டர் தலையசைத்ததும் தொடையில் குத்தினாள். மூச்சு திரும்பியது. பிறகு விஷமுறிவு மருந்தை மெதுவாக மறுபடி ஏற்றினோம். நான் ஸ்டோர் ரூமுக்குப் போய் அழுதேன்.

பிழைத்தெழுந்தவர் கடைக்கு நான் போகும்போதெல்லாம் சிரிப்பார். "ஒங்க வட்டத்த நான் நம்பினேன். என் வட்டத்த நீங்க நம்பிச் சாப்பிடுங்க சிஸ்டர்!"

இன்று எங்கள் பழைய வார்டில் அந்த வட்டம் இல்லை. முதலில் கொஞ்சம் அட்ரினலினைத் தோலுக்கடியில் போட்டுவிட்டுத்தான் மருந்தைத் தொடங்குகிறார்கள். அப்புறமும் பக்கத்தை விட்டு நகர்வதில்லை. வட்டக் கதையைச் சொன்னால் இளம் நர்ஸ்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அது ஒழிந்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

தோசைக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். அண்ணாவும் போய்விட்டார், பாம்பால் அல்ல, வயதால். அன்று கொடுத்த வாக்குக்காக மன்னிப்புக் கேட்க நான் வாயெடுக்கும்போதெல்லாம் தட்டில் இன்னொரு தோசை விழுந்துவிடும். கடைசிவரை கேட்கவே இல்லை.