மருந்துக்குப் போன வவ்வால்கள்

இங்கே ஜெர்மனியில் மார்ச் மாதம் வந்தால் தேரைகளுக்காக ரோட்டை மூடுகிறார்கள். பொய்யில்லை. குளிர்காலத் தூக்கம் கலைந்து குட்டைக்குப் போகிற தேரை வண்டியில் நசுங்கிவிடக் கூடாதாம். எங்கள் விலங்கியல் துறையே மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு, வாளியில் தேரைகளை அள்ளி எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விடும். முதல் வருஷம் நானும் வாளி தூக்கினேன். மனசு நிறைந்துதான் போனது. மல்லாங்கிணற்றுக்கு ஃபோன் போட்டுச் சொன்னால், "வேற சோலியே இல்லையா அவுகளுக்கு?" என்று கேட்டார் அப்பா.

அப்பா மானாவாரி விவசாயி. நான் விருதுநகரில் ஜுவாலஜி எடுத்தபோது சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பேச்சுப் பேசினார்கள். தவளை அறுக்கிற படிப்பா, மாட்டாஸ்பத்திரியில் வேலை கிடைக்குமா, பொம்பளைப் பிள்ளைக்கு இது எதற்கு. இன்னும் நினைத்தால் எரிச்சல் வருகிறது. அப்பாவின் தங்கை பொன்னுத்தாய் அத்தை மட்டும், அந்தப் படிப்பில் வவ்வாலைப் பற்றி உண்டா என்று கேட்டார். சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிக்கு மருந்து செலுத்துகிற வேலை அவருக்கு. அவர் ஊர்க் கண்மாய்க்கரை ஆலமரத்தில் பழந்தின்னி வவ்வால்கள் காய்த்துத் தொங்கும். யாராவது கல்லெடுத்தால் அத்தை சண்டைக்குப் போய்விடுவார்.

முனைவர் பட்டத்துக்கு நான் அந்த வவ்வால்களைத்தான் எடுத்தேன். போன வருஷம் ஆய்வுக்குப் போனபோது மரத்தில் ஒன்றுகூட இல்லை. ஊர்ப் பெண்களிடம் காரணம் கேட்டுப் பதிவு செய்தேன். அத்தையும் பேசினார். கம்பெனியில் மருந்துத் தட்டுகளைக் கழுவுகிற தண்ணீர் ஓடையில் இறங்கிக் கண்மாயில் சேர்வதையும், அதைக் குடித்து வவ்வால்கள் கரையில் விழுந்து கிடந்த இடத்தையும் இன்னொரு நாள் நேரிலேயே காட்டினார். பதிவில் இருந்ததோ ஒரே வரி: "மருந்துக்குத்தேன் அம்புட்டு வவ்வாலும் போச்சு."

எங்கள் பக்கம் மருந்தென்றால் வெடிமருந்து. அதை யாரும் விளக்கிச் சொல்ல மாட்டார்கள், நானும் விளக்கி எழுதவில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். மாணவர் தன் பேட்டியைத் தானே மொழிபெயர்க்கக் கூடாதென்று இங்கே விதி. வேறு யாரோ செய்தார்கள். என் பேராசிரியர் எழுதிய கட்டுரை வரைவு என் கைக்கு வந்தபோது அதில் இப்படி இருந்தது: நாட்டு மருத்துவத்துக்காக ஊர்மக்கள் வவ்வால்களைக் கொன்று தீர்த்துவிட்டார்கள். கூடவே ஊர்ப்பெயர், பேட்டி தந்த பெண்களின் பெயர்கள், அவர்களுக்கு விழிப்புணர்வு தேவை என்று ஒரு முழுப் பத்தி!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொன்றது தண்ணீரைக் கெடுத்தவன், பழி கல்லெறிய விடாதவள் தலையில். நல்ல நியாயம்! பேராசிரியரிடம் போய் மருந்து என்றால் என்னவென்று விளக்கினேன். நல்ல மனுஷிதான், காப்பி கொடுத்து உட்கார வைத்தார். அகராதியைத் திறந்து காட்டி, இதில் நீ சொல்லும் பொருள் கடைசியில்தானே இருக்கிறது என்றார். எங்கள் பக்கம் அதுதான் முதலில் என்றேன். உங்கள் பக்கத்து ஆட்கள் என்பதால் உனக்கு வருத்தம் இருக்கும், புரிகிறது என்றார். எனக்கு வருத்தமில்லை, கோபம். அதைத்தான் அவருக்குப் புரியவைக்க முடியவில்லை.

அத்தைக்கு ஃபோன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"ஏத்தா, என் பேரப் போட்றாத. இது சீசன் நேரம். தண்ணியப் பத்தி நாந்தேன் சொன்னேன்னு தெரிஞ்சா நாளைக்கே வேலைய விட்டு நிப்பாட்டிருவாக. ஊர்ப் பேரும் வேண்டாம். ஆனா நாங்க கொன்னோம்னு மட்டும் எங்கயும் இருக்கக் கூடாது. அத நீதேன் பாக்கணும்."

மறுபடி பேராசிரியரிடம் போனேன். பெயர்களை எடுக்க உடனே சம்மதித்தார். பொருளைத் திருத்தவும் வழி இருந்தது. அந்த வட்டார வழக்கு தெரிந்த ஒருவர் பதிவைக் கேட்டுச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஆனால் அந்த ஊரில் அவருக்கு உறவினர் இருக்கக் கூடாது. மொழிபெயர்க்கத்தான் தடை, சரிபார்க்க இல்லை, நீயே செய்யலாமே என்றார். நான் எப்படி என்று விழித்தேன். பதிவில் எல்லாரையும் 'அத்தை' என்றுதான் கூப்பிடுகிறாய், அது உங்கள் ஊர் மரியாதை என்று படித்திருக்கிறேன், உறவில்லை அல்லவா என்றார். ஆமாம், எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம் என்றேன். அதுவும் உண்மைதானே.

அவர் தந்த படிவத்தை மூன்று நாள் பையிலேயே வைத்திருந்தேன். சாத்தூர்ப் பக்கத்துப் பேச்சு தெரிய வேண்டும், அங்கே சொந்தம் இருக்கக் கூடாது. இப்படி ஓர் ஆளை இந்த நாட்டில் எங்கே போய்த் தேடுவது? வேறு ஊர் ஆள் யாரையாவது பிடிக்கலாமென்றால், கட்டுரை அந்த வாரமே அச்சுக்குப் போகிறது.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். வவ்வால்கள் வெடிமருந்துத் தண்ணீரால் செத்தன என்று கட்டுரை இப்போது சொல்கிறது. அத்தைக்குச் சொன்னேன். "நல்லா இருப்ப தாயி" என்றார். எதில் கையெழுத்துப் போட்டேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. துறை அலமாரியில் அந்தத் தாள் இருக்கிறது. என் பெயருக்கு மேலே ஒரே ஒரு வரி: இந்த ஊரில் எனக்கு யாரும் இல்லை.