சேந்தமங்கலத்துப் பக்கம் இலக்கம் விழாத இரண்டு வீடுகள்

தை மாதத்தில் கடுக்காய் வாங்க நான் கொல்லிமலை அடிவாரம் போவது வழக்கம். அது தாசில்தார் கச்சேரிக்கும் தெரிந்திருந்தது. யுத்தம் தொடங்கி இரண்டாவது தை அது. சேலத்தில் என் கடைக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். ஜனங்களை எண்ணும் குடிமதிப்புக்காக வீடுகளுக்கு இலக்கம் எழுதி முடிந்துவிட்டதாம். சேந்தமங்கலத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில் லஞ்சம் வாங்கிக்கொண்டு சில வீடுகளை விட்டுவிட்டதாகப் புகார் வந்திருக்கிறதாம். போகிற வழியில் பார்த்துச் சொல்ல வேண்டும். சம்பளம் இல்லை. கௌரவ மேற்பார்வையாளர் என்று ஒரு பட்டம் மட்டும் உண்டு.

சர்க்கார் ஒரு வியாபாரியைச் சும்மா கூப்பிடாது. வருமான வரிக்காரர்கள் என் கொள்முதலைப் பின்தொடர இது ஒரு வழியோ என்று யோசித்தேன். மறுத்தால் இன்னும் உற்றுப் பார்ப்பார்கள். ஒப்புக்கொண்டேன். உங்களில் சிலருக்கும் இந்தக் கௌரவம் வந்து சேரலாம் என்பதால் எழுதுகிறேன்.

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு முப்பது மைலுக்குச் சற்று அதிகம். பஸ் கட்டணம் பன்னிரண்டு அணா. ராசிபுரத்தில் நிற்கும்போது காப்பி குடித்துவிடுங்கள், அப்புறம் வாய்க்கு விளங்கும்படி ஒன்றும் கிடைக்காது. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் ஏழு மைல். குதிரை வண்டிக்காரன் முதலில் பத்தணா கேட்பான், ஆறணாவுக்கு வருவான். என் கையில் இருந்த சர்க்கார் கடிதத்தைப் பார்த்தவன் பேரத்தைக்கூட நிறுத்திவிட்டான்.

"ஏனுங்க பாய், நெம்பர் பாக்க வாரீங்களா, ஆளப் புடிக்க வாரீங்களா?"

"கடுக்காய் வாங்க வாரேன்."

"எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றாங்க" என்று குதிரையைத் தட்டினான். நெம்பர் போட்ட வீடுகளில் எத்தனை ஆண்பிள்ளை என்று எழுதுவார்களாம், பிறகு லாரி வந்து பட்டாளத்துக்கு ஏற்றிக்கொண்டு போகுமாம். நாமக்கல் சந்தையில் அன்று அதுதான் பேச்சாம்.

சேந்தமங்கலத்திலிருந்து அந்த ஊருக்கு மலையைப் பார்த்து இரண்டு மைல் மாட்டு வண்டித் தடம். மொத்தம் இரண்டு தெரு. வடக்குத் தெருவின் முதல் வீட்டுக் கதவில் இலக்கம் இல்லை. தாரில் ஒரு பொட்டு மட்டும் இருந்தது. அடுத்த கதவில் 2, அதற்கடுத்து 3 என்று வரிசை ஒழுங்காக ஓடியது. முதல் வீடு நல்லப்பன் என்ற குடியானவருடையது. எதிர்வீட்டுக்காரர் நான் கேட்காமலே சொன்னார்.

"அங்கமுத்துக்கு என்ன குடுத்தானோ, அவன் ஊட்ட மட்டும் உட்டுட்டாங்க. எங்க புள்ளைங்க மட்டும் காட்டுல வெளைஞ்சதுங்களா?"

அங்கமுத்து என்பவர் ஊரின் தவசக் கடைக்காரர், தானியம் அளந்து விற்பவர். வேகமாக எழுதுவார் என்று அவரைத்தான் கணக்கெடுக்க வைத்திருந்தார்கள்.

நல்லப்பனைக் கிணற்றடியில் பிடித்தேன். மாடு பூட்டித் தோல்பறியால் தண்ணீர் இறைக்கும் கவலை அந்தக் கிணற்றில் இரண்டு இருந்தது, ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. கிழக்கே பாதிக் காட்டுக்குத் தண்ணீர் போகவில்லை, மிளகாய்ச் செடி தொங்கிக் கிடந்தது.

"பசங்க எங்கே?"

"பசங்களா? நானும் எம்பொண்டாட்டியுந்தானுங்க."

"இன்னொரு கவலையை யார் ஓட்டுவது? உங்கள் பொண்டாட்டியா?"

அவர் மாட்டைத் திருப்பி ஓட்டினார். நான் கடுக்காய்க்காரன் என்று தெரிந்த பிறகுதான் வாய் திறந்தார். "எல்லா ஊட்டுக்கும் நெம்பரு, எனக்கு மட்டும் பொட்டு. சந்தையில வெட்டப்போற ஆட்டுக்குத்தானுங்க அப்படிப் பொட்டு வெப்பாங்க."

பொட்டு விழுந்த அன்றைக்கே இரண்டு மகன்களையும் மலைக்கு ஏற்றிவிட்டாராம். சின்னவனுக்கு மலைக்காய்ச்சல் கண்டுவிட்டது என்று முந்தின நாள் மலையிலிருந்து இறங்கிய தேன்காரன் வந்து சொல்லியிருக்கிறான். அந்த மலைக்காய்ச்சலை எனக்குத் தெரியும். நாலைந்து இரவு நடுங்கிக் கிடந்தவன் நடந்து இறங்க மாட்டான். "கீழ கூட்டியாந்தா லாரி, மேலயே உட்டா காய்ச்சல். நீங்களே சொல்லுங்க பாய்" என்றார்.

ஒருவன் லஞ்சம் கொடுத்துத் தப்பினான் என்று ஊர் நினைக்கிறது. அவனோ தன்னைத்தான் குறி வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறான். இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டிய அங்கமுத்துவின் கடை தெற்குத் தெருவில். கடையே வீடு, அதுதான் தெருவின் முதல் வீடு. கதவைப் பார்த்தேன். அங்கேயும் இலக்கம் இல்லை, அதே பொட்டு.

எனக்கு மனதுக்குள் வழக்கு முடிந்துவிட்டது. தன் வீட்டை விட்டுக்கொண்டான், காசு கொடுத்தவன் வீட்டையும் விட்டான். இருந்தாலும் கடைக்காரனைக் கடையில் வைத்துப் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது என்பது என் பழக்கம். ஓரமாக உட்கார்ந்தேன். ஒரு பெண் ராகி வாங்க வந்தாள். அங்கமுத்து வள்ளத்தை நிரப்பித் தலைதட்டி அவள் கூடையில் கொட்டினார்.

"லாபம்" என்றார். அடுத்த வள்ளம், "ரெண்டு." அதற்கடுத்து, "மூணு."

நானும் கடுக்காயை அப்படித்தான் அளக்கிறேன். அளவுக்காரன் எவனும் முதல் அளவை ஒன்று என்று சொல்ல மாட்டான். சொன்னால் வியாபாரம் ஒன்றோடு நின்றுவிடும். எழுந்துபோய்க் கேட்டேன். "வீடு எண்ணும்போதும் இப்படித்தான் சொன்னீர்களா?"

"பின்ன? ஊரு சனத்தை எண்ணறப்ப ஒண்ணுன்னு ஆரம்பிப்பனுங்களா? வெளங்குமா?"

தார்ச் சட்டி தூக்கிய தலையாரியை வரவழைத்தோம். அங்கமுத்து முன்னால் நடந்து சொல்ல, இவர் பின்னால் கதவில் எழுதியிருக்கிறார். "லாபம்னு சொன்னாருங்க. அதுக்கு எப்படி எழுதறதுன்னு எனக்கு யாரும் காட்டலீங்க சாமி. சரி, ஒரு பொட்டு வெச்சு வெப்போம்னு வெச்சேன்" என்றார் தலையாரி. தெருவுக்குத் தெரு எண்ணிக்கை புதிதாகத் தொடங்கியதால், புத்தகத்தில் இரண்டு வீடுகளும் 1 என்றே பதிந்திருந்தன. சொந்தக் கதவையாவது பார்க்கக்கூடாதா என்று அங்கமுத்துவைக் கேட்டேன். "என் ஊடு ஒண்ணுன்னு எனக்குத் தெரியாதுங்களா, அதை வேற போயிப் பாக்கறதுக்கு?" என்றார் அங்கமுத்து.

எதிர்வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு நல்லப்பன் வீட்டுக்குப் போனோம். 'எழுது' என்று மட்டும் அங்கமுத்து சொன்னார், ஒன்று என்று அப்போதும் வாயால் சொல்லவில்லை. நான் ஒரு விரலைக் காட்டினேன். தலையாரி பொட்டின் மேலேயே ஒரு கோடு இழுத்தார். பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர், "லாபம் அவனுக்குத்தான்" என்றார். நல்லப்பன் என் பக்கம் திரும்பினார்.

"நெம்பரும் போட்டாச்சு. இனி லாரி வராதுன்னு நீங்க எழுதித் தருவீங்களா பாய்?"

தர முடியாது என்றேன். எனக்கே தெரியாத ஒன்றை நான் எப்படி எழுதித் தருவேன்? ஆனால் சின்னவனை இன்றே இறக்குங்கள், காய்ச்சல் லாரியைப் போல ஆள் பார்த்து வராது என்றேன். என் கடுக்காய் மூட்டைகளை மலையிலிருந்து இறக்கும் ஆட்கள் இருவரை டோலியோடு மேலே அனுப்பினேன். சாயங்காலம் வெயில் தாழும்போது கொண்டுவந்து சேர்த்தார்கள். கம்பளிக்குள் பல் கிட்டிக் கிடந்தான். மூத்தவன் வரவில்லை. அப்பன் சொல்லியனுப்பவில்லை.

அங்கமுத்து ஆள் கணக்கு எழுதப் புத்தகத்தைத் திறந்தார். இந்த அடுப்பில் எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று கேட்டார்.

"மூணு" என்றார் நல்லப்பன்.

கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த அவர் மனைவி பாவாயி உள்ளிருந்தே சொன்னாள். "நாலுன்னு எழுதுங்க."

"நீ சும்மா இரு."

"மேல இருக்கறவனுக்கும் நாந்தானுங்க ராகி கட்டிக் குடுத்தனுப்பறேன். அவனை இல்லைன்னு எழுத உட மாட்டேன். நாலு."

அங்கமுத்து நாலு என்று பதிந்தார்.

சின்னவனுக்கு நாமக்கல் ஆஸ்பத்திரியில் கொயினா மருந்து கிடைத்தது, பிழைத்துக்கொண்டான். தாசில்தாருக்கு 'லஞ்சம் இல்லை, பழக்கம்' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் நம்பினாரா தெரியாது. அதற்குப் பின் என் கணக்கை யாரும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதுதான் இப்போது என் சந்தேகம்.

இந்த வேலைக்குப் போகிறவர்கள் செருப்பும் கம்பளியும் சொந்தமாக எடுத்துப் போங்கள். மலையில் தங்காதீர்கள். அளவுக்காரரைக் கணக்கெடுக்க வைத்தால் முதல் கதவை நீங்களே போய்ப் பாருங்கள். வீட்டில் எத்தனை பேர் என்பதை வாசலில் நிற்கிறவரிடம் மட்டும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடாதீர்கள். அடுப்படியிலிருந்தும் ஒரு பதில் வரட்டும்.