இடது இறக்கையில் ஐந்து கொண்டை ஊசிகள்

விமானத்தைச் சமன் பார்க்கும் முன் மின்விசிறியை அணைக்க வேண்டும். எங்கள் வீட்டில் இது சட்டம். போட்டவள் என் மகள், பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது. கரோல் பாக்கில் மூன்றாவது மாடியில், மே மாதத்தில், விசிறி இல்லாமல் ஐந்து நிமிடம் நின்றால்தான் அந்தச் சட்டத்தின் கொடுமை தெரியும்.

ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானம் அது. பால்சா என்று ஒரு மரம், அப்பளம் போல லேசானது. அதை அறுத்து ஒட்டி, மேலே சிவப்புத் தாள் சுற்றி, அவளே செய்தாள். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை ஒரு புடவையின் அகலம் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே எடையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கனமான பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். அதைப் பார்ப்பதற்கு, மூக்கில் இருக்கும் அச்சை அவள் இரண்டு விரலால் லேசாகப் பிடிப்பாள். வாலில் குத்திய குண்டூசியை நான் பிடிப்பேன். விமானம் எங்களுக்கு நடுவில் தொங்கும். எந்த இறக்கை கனமோ அது மெதுவாகத் தாழும்.

"அம்மா, மூச்சு விடாதே."

"விடாம எப்படிடி இருக்கிறது?"

"அரே, ரெண்டு நிமிஷம்தான். உன் கை நடுங்குற நடுக்கத்துல என் பிளேனுக்கு ஜுரம் வந்துடும்."

எப்போதும் இடது இறக்கை ஒரு நூல் அளவு தாழும். வலது நுனியில் மிளகளவு களிமண்ணை அப்பிவிட்டு "அச்சா" என்பாள். ஊருக்குள் பறக்கவிட அனுமதி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹரியானா எல்லையைத் தாண்டி ஒரு மைதானத்துக்குப் போவோம். எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள். நான் தண்ணீர் பாட்டிலோடு அவளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பிறகு அவள் புனேவுக்குப் படிக்கப் போனாள். விமானம் பரணுக்குப் போனது.

அவளுக்கு ஆறு வயதில் அவள் அப்பா இறந்துபோனார். அலுவலக வேலையாகப் போன ஊரில் மாரடைப்பு. எனக்கு மறுநாள்தான் சொன்னார்கள். அந்த ஒரு நாள் முழுக்க நான் அவருடைய சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். நான் தாங்கமாட்டேன் என்று சொல்லாமல் இருந்தார்களாம். அன்றிலிருந்து, தொலைபேசி மணி அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். மகள் போன பிறகு அது பெரும்பாலும் அடிக்காத பயமாகிவிட்டது. அலுவலகத்தில் இந்தி, காய்கறி வண்டிக்காரரிடம் இந்தி, வீட்டில் தொலைக்காட்சியும் இந்தி. தமிழில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் படுக்கப் போன நாட்கள் உண்டு.

இந்த வருடம் ஜூலையில் ஒரு நாள் மதியம் அவளே அழைத்தாள்.

"அம்மா, முதல்ல உட்காரு. உட்கார்ந்தாச்சா? எனக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் ஆச்சு. எல்லாம் முடிஞ்சது. ரூமுக்கு வந்துட்டேன்."

"எப்போடி?"

"நாலு நாளாச்சு. நீ பயப்படுவேன்னுதான் சொல்லலை."

ஆஸ்பத்திரியில் யார் கூட இருந்தார்கள் என்று கேட்டேன். அறைத்தோழியின் அம்மா கோலாப்பூரிலிருந்து வந்து மூன்று நாள் இருந்தாராம். நான் அன்றைக்கே கிளம்புகிறேன் என்றேன்.

"வேண்டாம்மா. நீ வந்தா நான்தான் உன்னைப் பார்த்துக்கணும்."

அவள் சொன்னது பொய்யில்லை. ஒன்பதாம் வகுப்பில் அவளுக்கு ஊசி போட்டபோது மயங்கி விழுந்தது நான். கையைத் தேய்த்துக்கொண்டே எனக்குத் தண்ணீர் கொடுத்தது அவள். அதனால் நான் போகவில்லை. ஆனால் அந்த நான்கு நாட்களை என்னால் விட முடியவில்லை. திங்கட்கிழமை நான் என்ன செய்தேன், செவ்வாய்க்கிழமை என்ன சமைத்தேன் என்று நினைவுபடுத்திப் பார்ப்பேன். செவ்வாய்க்கிழமை பக்கத்து இருக்கைக்காரரின் பிறந்த நாள். அவளைக் கத்தி வைத்து அறுத்த நேரத்தில் நான் கேக் சாப்பிட்டிருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மழை பெய்துகொண்டிருந்தது. காரணம் எதுவும் இல்லை, விமானத்தைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. ஸ்டூல் மேல் ஏறிப் பரணிலிருந்து இறக்கினேன். சட்டம் மறந்துவிட்டது. சுழன்றுகொண்டிருந்த விசிறி வலது இறக்கையின் நுனியை ஒரே அடியில் பிய்த்து எறிந்தது. நான்கு விரற்கடை நீளம். பீரோவுக்கு அடியில் கிடந்தது.

அவளிடம் சொல்லவில்லை. தையல் ஆறாத பெண்ணிடம் இதைப் போய்ச் சொல்வதா?

அவளுடைய பெட்டியில் இரண்டு குழாய்ப் பசை இருந்தது. இரண்டையும் கலந்து ஒட்டினேன். போதாதோ என்று இன்னும் கொஞ்சம் வைத்தேன். பயந்தவள் ஒட்டினால் பசை எப்போதும் அதிகமாகத்தான் போகும். மேலே சிவப்பு டேப் சுற்றினேன். பால்கனிக் கொடியில் இரண்டு நூல் கட்டி, மூக்கையும் வாலையும் தொங்கவிட்டுப் பார்த்தேன். வலது பக்கம் ஒரேயடியாகக் கவிழ்ந்தது. இடது நுனியில் ஏதாவது வைக்க வேண்டும். தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை எடுத்து டேப்பால் ஒட்டினேன். போதவில்லை. இன்னொன்று. ஐந்தாவது ஊசியில் விமானம் அசையாமல் நின்றது. தலை அவிழ்ந்து, மழைச் சாரலில், பால்கனியில் தனியாக நின்று "அச்சா" என்று சொல்லிக்கொண்டேன்.

தீபாவளி விடுமுறைக்கு நான்கு நாள் வந்தாள். மெலிந்திருந்தாள். இரண்டாம் நாள் காலையில் பரணைப் பார்த்தாள்.

"அம்மா, ஃபேனை ஆஃப் பண்ணு."

அவள் மூக்கைப் பிடித்தாள், நான் வாலைப் பிடித்தேன். விமானம் தண்ணீர் மட்டம் போல நின்றது. அவள் முகம் சுருங்கியது.

"இது எப்பவும் இடது பக்கம் சாயுமே?"

அவள் ஒரு கையால் மூக்கைப் பிடித்தபடி, மறு கையால் இறக்கையின் அடியில் தடவிக்கொண்டே போனாள். நுனியில் நின்றாள். நகத்தால் டேப்பைக் கிளப்பினாள்.

"பிளேனுக்கு யாராவது கொண்டை ஊசி குத்துவாங்களாம்மா?" என்று சிரித்தாள். பிறகு வலது பக்கம் தடவினாள். சிரிப்பு நின்றுவிட்டது. "இது எப்போ உடைஞ்சது?"

"ஜூலைல. ஃபேன்ல பட்டுடுச்சு."

"எத்தனை தடவை போன்ல பேசினோம். ஒரு வார்த்தை சொல்லலையே?"

"நீ வருத்தப்படுவேன்னுதான்..."

அவள் என்னைப் பார்த்தாள். ஜூலையில் அவள் சொன்னதும் ஏறக்குறைய இதேதான். கீழே தெருவில் யாரோ வெடி வைத்தார்கள்.

"சரி," என்றேன். "இனிமே நானும் சொல்றேன், நீயும் சொல்லு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"அழக் கூடாது."

"சொல்லுடி."

"டிசம்பர் லீவுக்கு நான் வரலை. புராஜெக்ட் இருக்குன்னு சொல்லலாம்னு இருந்தேன். அதெல்லாம் இல்லை. கோலாப்பூர் போறேன். ஆஸ்பத்திரிக்கு வந்தாங்களே, அந்த ஆன்ட்டி கூப்பிட்டாங்க. அங்க யாரும் என்னையே பார்த்துக்கிட்டு இருக்க மாட்டாங்கம்மா. இங்க நான் தும்மினாக்கூட நீ எழுந்து வந்துடுறே."

விமானம் இன்னும் எங்களுக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆடாதேம்மா," என்றாள்.

"ஆடலை," என்றேன். உண்மையிலேயே ஆடவில்லை. விரலைத் தவிர மற்றதெல்லாம் ஆடியிருக்கும்.

அவள் டேப்பைத் திரும்பவும் அழுத்தி ஒட்டினாள். ஊசிகளை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் விமானம் நேராகப் பறந்தது. களிமண் தேவைப்படவில்லை. நான் அவளைப் பார்க்காமல் வானத்தைப் பார்க்க முயன்றேன். பாதி நேரம்தான் முடிந்தது.

இப்போது டிசம்பர். அவள் கோலாப்பூரில் இருக்கிறாள். ஒப்பந்தப்படி நேற்றுக் காலை அழைத்துத் தொண்டை வலி என்று சொன்னாள். நானும் உடனே கிளம்புகிறேன் என்று துணிப் பெட்டியை எடுக்கவில்லை.

"ஆன்ட்டி கஷாயம் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. உன்னோடது மாதிரியே கேவலமா இருந்தது." பிறகு கேட்டாள், "உன் பக்கம்? ஏதாவது இருந்தா சொல்லணும், ஞாபகம் இருக்கா?"

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாய் எடுத்தேன். பல வருடப் பழக்கம்.

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் இப்பத்தான் தமிழ் பேசுறேன்," என்றேன்.

அந்தப் பக்கம் யாரோ மராத்தியில் அவளைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். "வரேன்" என்று அவள் சொன்னது எனக்கா அவர்களுக்கா என்று ஒரு கணம் தெரியவில்லை. பிறகு கதவு சாத்தும் ஓசை கேட்டது.

"அச்சா," என்றாள். "பேசும்மா. கேட்டுக்கிட்டிருக்கேன்."